சுவரைத் துடைத்த மாவு

பிளே-டோ விளையாட்டு மாவு டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனைக்கு 2018-இல் அமெரிக்காவில் வணிகச் சின்னப் பதிவே கிடைத்தது. இத்தனை மவுசு உள்ள இந்த மாவு, குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதல்ல. கரி பிடித்த சுவருக்காகப் பிசைந்தது.

அந்நாளில் அமெரிக்க வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். சுவரில் ஒட்டிய வால்பேப்பர் முழுக்கப் புகைக்கரி. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் காகிதம் ஊறிக் கையோடு வந்துவிடும். சின்சினாட்டியில் இருந்த குட்டால் என்ற சோப்பு நிறுவனம் 1933-இல் குரோகர் மளிகைக் கடைகளுக்காக ஒரு மாவைத் தயாரித்தது. அதைச் சுவரில் உருட்டினால் கரி ஒட்டிக்கொண்டு வரும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து மறுபடி உருட்டலாம். சாயம் ஒட்டக்கூடாது, பிசுபிசுப்பு தங்கக்கூடாது, கையில் நஞ்சும் ஏறக்கூடாது. ஒரு விளையாட்டுப் பொருளுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அப்போதே இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

போருக்குப் பிறகு எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் தாளும் வந்தது. மாவு விற்பனை படுத்துவிட்டது. நிறுவனத்தை நடத்திய ஜோ மெக்விக்கரின் உறவினர் கே ஸூஃபால், நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி நடத்தியவர். சிறுவர்களுக்கான மாடலிங் களிமண் பிஞ்சு விரல்களுக்கு மசியவில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த மாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். கையை விட்டு இறக்க மாட்டேன் என்றார்கள். ‘பிளே-டோ’ என்ற பெயரும் அவரும் கணவரும் சொன்னதுதான். 1956-இல் வாஷிங்டனின் உட்வர்டு அண்ட் லோத்ராப் கடையில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரே வெளிர் நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. பிறகு பல கை மாறி, இன்று ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்திடம் இருக்கிறது.

இங்கிலாந்தின் பாத் நகர ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897-இல் உருவாக்கிய பிளாஸ்டிசின் என்ற மாடலிங் களிமண் வேறு ஜாதி. எண்ணெய்ப் பசையில் ஆனது, காயவே காயாது. ஆனால் முதலில் உள்ளங்கைச் சூட்டில் இளக்கியாக வேண்டும். குயவர் மண்ணோ சில்லென்று விரலிடுக்கில் ஒட்டும். குழந்தை மூன்றையும் தொட்டுப் பார்க்கட்டும். ஆனால் இரண்டு வயதுக்காரரிடம் முதலில் கொடுக்க என் ஓட்டு மாவுக்கே.

கடைக்குப் போகவேண்டும் என்றுகூட இல்லை. மைதா, உப்பு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் சேர்த்து அடுப்பில் கிளறினால் வீட்டிலேயே தயார். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது ஆகாது. உப்பு மிகுதி என்பதால், வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.