இசைத்தாள் எழுதும் கட்டற்ற மென்பொருட்கள்

இசைத்தாள் எழுதும் மென்பொருட்கள் என்பன மேற்கத்திய இசையின் ஐங்கோட்டுக் குறியீட்டைக் கணினியில் எழுதவும், திருத்தவும், அச்சிடவும் பயன்படுபவை ஆகும். இவற்றுள் மூலநிரலுடன் எவரும் பெற்று, மாற்றி, பகிர உரிமை தருபவை கட்டற்ற மென்பொருட்கள் எனப்படும். லில்லிபாண்ட், மியூஸ்ஸ்கோர் ஆகிய இரண்டும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. ஏபிசி குறியீடு, மியூசிக்ஸ்டெக், ரோஸ்கார்டன், டெனிமோ முதலியனவும் உள்ளன.

தெரிவு ஏன் முக்கியமானது

இசைத்தாள் பல ஆண்டுகள் பயன்படும் ஆவணம். மென்பொருள் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. 1988 இல் வெளிவந்த ஃபினாலே என்னும் வணிக மென்பொருள் இத்துறையில் மிகவும் புகழ்பெற்றிருந்தது. அதன் உரிமையாளரான மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. ஓராண்டுக்குப் பின்னர் புதிய கணினிகளில் அதனைச் செயற்படுத்த அனுமதி கிடைக்காது என்றும் முதலில் கூறப்பட்டது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் இந்நிலைப்பாடு தளர்த்தப்பட்டது. பல ஆண்டுகளாக ஃபினாலேயில் எழுதி வந்தோர் தம் கோப்புகளை ஒவ்வொன்றாக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்துக்குப் பெரிதும் உதவுவது மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் பொதுக் கோப்பு வடிவம். மைக்கேல் குட் என்பவர் உருவாக்கிய இவ்வடிவத்தின் முதற் பதிப்பு 2004 இல் வெளிவந்தது. 2011 இல் இது மேக்மியூசிக்கின் கைக்கு வந்து, 2015 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சமூகக் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. சுரங்களும் பாடல் வரிகளும் இதன்வழி பெரும்பாலும் பிழையின்றிக் கடந்துவிடும்; பக்க அமைப்பு அவ்வாறு கடப்பதில்லை. எனவே மாற்றிய தாளைச் சரிபார்க்காமல் மேடைக்குக் கொண்டு செல்வது நல்லதன்று.

லில்லிபாண்ட்

ஹான்-வென் நியன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் ஆகிய இருவரால் 1996 இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்டது. குனூ திட்டத்தைச் சேர்ந்தது. இதில் சுட்டியால் சுரங்களை வைப்பதில்லை. பயனர் ஓர் உரைக்கோப்பை எழுத, மென்பொருள் அதனைப் படித்து அச்சுக்குரிய பிடிஎஃப் கோப்பை உருவாக்கும். சுரத்தின் எழுத்தை அடுத்து வரும் எண் அதன் கால அளவைக் குறிக்கும்: 1 முழுச் சுரம், 2 அரைச் சுரம், 4 கால் சுரம். ஷார்ப், ஃபிளாட் ஆகியவற்றுக்கு இயல்பாக டச்சு மொழிப் பெயர்களே பயன்படுவது புதியவர்களுக்குச் சற்றுக் குழப்பமாக இருக்கும். கோப்பின் தொடக்கத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணினி அச்சுத் தாள்கள் உயிரற்றவையாக உள்ளன என்ற மனக்குறையே இத்திட்டத்தின் தோற்றுவாய் எனலாம். உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட பழைய பதிப்புகளின் தடித்த கோடுகளையும், சுரங்களுக்கிடையேயான சீரான இடைவெளியையும் இது பின்பற்றுகிறது. விளைவு மிக அழகானது. ஆனால் ஒரு சுரத்தைத் திருத்தினாலும் கோப்பை மீண்டும் தொகுத்தே பார்க்க வேண்டும். ஃபிரெஸ்கோபால்டி என்னும் தொகுப்பான் உரையையும் தாளையும் அருகருகே காட்டி இவ்வேலையை எளிதாக்குகிறது. பொதுவுரிமைத் தாள்களை வழங்கும் மியுட்டோபியா திட்டம் லில்லிபாண்டையே பயன்படுத்துகிறது.

லில்லிபாண்ட் கோப்பினுள் ஸ்கீம் மொழி நிரல்களையும் எழுதலாம். இது பெரும் ஆற்றலைத் தருகிறது. அதேவேளை முன்பின் அறியாதவர் அனுப்பிய கோப்பை ஆராயாமல் இயக்குவது ஆபத்தானது.

மியூஸ்ஸ்கோர்

மியூஸ் என்னும் இசைப்பதிவு மென்பொருளிலிருந்து 2002 இல் வெர்னர் ஷ்வியர் பிரித்தெடுத்து வளர்த்த மென்பொருள் இது. முதற் பதிப்பு 2011 இலும், நான்காம் பதிப்பு 2022 இலும் வெளிவந்தன. திரையில் தெரியும் தாளிலேயே நேரடியாக எழுதலாம். எழுதியதை உடனே இசைத்துக் கேட்கலாம். மாணவர்கள் தம் பிழைகளைக் காதால் கண்டறிய இது உதவும் என்பதால் தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது. இங்கு எண் விசைகளின் பொருள் லில்லிபாண்டிலிருந்து வேறுபடும்: 5 கால் சுரத்தையும், 4 அதில் பாதியையும் தரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இதன் கோப்பு, சுருக்கிக் கட்டப்பட்ட எக்ஸ்எம்எல் உரையே ஆகும். 2012 இல் வெளியான திறந்த கோல்ட்பெர்க் மாறுபாடுகள் என்னும் பாக் இசைத்தாள் இம்மென்பொருளில் உருவாகி, பொதுவுரிமையில் வழங்கப்பட்டது.

மென்பொருள் இலவசம், அதே பெயரிலுள்ள தாள் பகிர்வுத் தளம் வேறு. அத்தளத்திலிருந்து பல தாள்களைப் பதிவிறக்கச் சந்தா கேட்கப்படும். மென்பொருளுக்கே பணம் கட்ட வேண்டும் என எண்ணிப் பலர் விலகிவிடுகின்றனர்.

ஏபிசி குறியீடு

1990களின் தொடக்கத்தில் கிரிஸ் வால்ஷா நாட்டுப்புற மெட்டுகளுக்காக வகுத்தது. ஒற்றை மெட்டை ஒரு மின்னஞ்சலில் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். பல்லியத் தாள்களுக்கு ஏற்றதன்று.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

மியூஸ்ஸ்கோரில் எழுதியதை மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக்கி லில்லிபாண்டுக்குக் கொண்டு செல்ல உடன்வரும் கருவி உண்டு. மறுதிசைப் பயணம் கடினம். எதில் எழுதினாலும் மூலக்கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தல் பயனுள்ளது.

தமிழ்ப் பாடல் வரிகள்

இவ்விரு மென்பொருட்களும் ஒருங்குறியை ஏற்பதால் சுரங்களின் கீழ்த் தமிழ் வரிகளை எழுதலாம். சொற்களை அசை அசையாகப் பிரிக்கும்போது மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் பிரித்துவிடக் கூடாது; "அன்னை" என்பது "அன்", "னை" என்றே பிரியும். லில்லிபாண்டில் அசைகளுக்கிடையே இரட்டைச் சிறுகோடு இடவேண்டும்; மியூஸ்ஸ்கோரில் சிறுகோட்டு விசையை ஒருமுறை அழுத்தினால் அடுத்த சுரத்துக்கு நகரும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடல்களை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கருநாடக இசையின் கமகங்களை ஐங்கோட்டில் முழுமையாகக் காட்ட இயலாது. அவ்விசையைச் சுர எழுத்துக்களால் எழுதுவோருக்கு இம்மென்பொருட்களால் அதிகப் பயனில்லை.