மடுவத்துத் தராசும் கையின் உறுதியும்

மலையகத் தோட்ட வரலாற்றை ஆராய்வோர் ஊதியம், குடியுரிமை, இலயம் ஆகியவற்றையே பெரிதும் நோக்கினர். கொழுந்து நிறுக்கும் வேளையில் எழும் வினா ஒன்றினை நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். தன் புலன் உணர்த்துவதை ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகின்றார்? அவ்வுறுதி உண்மையோடு எவ்வளவு பொருந்துகின்றது?

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தவே, தேயிலை மலையெங்கும் பரவிற்று. 1883 இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நிகழ்ந்தது. சுவைத்துத் தரம் கூறுவோரின் நாவுக்கு அங்கு மதிப்புக் கிட்டியது. கொழுந்து பறிப்பவரின் கைக்கோ அம்மதிப்புக் கிட்டவில்லை.

அக்காலத்திலேயே, 1883-84 இல், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் பியர்ஸ், ஜோசப் ஜாஸ்ட்ரோ ஆகிய இருவரும் பரிசோதனை ஒன்றை நடத்தினர். விரலின்மீது சிறிதே வேறுபட்ட இரு அழுத்தங்களை இட்டு, எது மிகுந்தது எனக் கூறச் செய்தனர். ஒவ்வொரு விடையுடனும் அதன் உறுதியை 0 முதல் 3 வரை எண்ணாற் குறித்தனர். உறுதி கூடியபோது சரியான விடைகளும் கூடின. வியப்பு யாதெனின், 0 எனக் குறித்த வேளையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று விடைகள் சரியாயிருந்தன. குருட்டு ஊகமாயின் பாதியே சரியாகும். தான் அறிந்ததை அறியாத நிலையும் மனிதர்க்கு உண்டென்பது இதனாற் புலனாயிற்று.

இனி ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் மடுவத்துக்கு வருவோம். நாள்தோறும் கூடை சுமந்த பெண், "இன்று கொழுந்து கூட" என்கிறாள். கணக்கப்பிள்ளை குறைத்து எழுதுகின்றார். குறித்த இறாத்தல் எட்டாவிடில் அரைப்பேரே கிடைக்கும். அவளது உறுதி வெறும் முறையீடாகவே கொள்ளப்பட்டது.

விரலின் அழுத்தமும் முதுகின் பாரமும் ஒன்றல்ல. எனினும் முறை ஒன்றே. நிறுக்குமுன் அவளது மதிப்பீட்டையும் உறுதியையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். பின்னரே நிறுத்தல் வேண்டும். பல நாட் பதிவுகளை ஒப்பிட்டாலன்றி எவர் கூற்றும் தேறாது.

இங்கு ஓர் இடர் உண்டு. உறுதியைச் சோதிக்க உண்மையளவு ஒன்று வேண்டும். ஏட்டிலேறிய எண்ணோ தராசு காட்டிய எண்ணன்று. கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்த பின் எஞ்சியது. அதனை உண்மையளவாகக் கொள்ளின், செம்மையான கையும் பிழைத்ததாகவே தோன்றும்.

ஆதலின் தோட்ட ஏடுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், தொழிலாளியின் உறுதியை ஐயுறுமுன் ஏட்டின் அளவை ஐயுறுதல் கடனாகும் என்பதே எமது துணிபு.