நீர்ப்பிரமியின் ஞாபகம்

ஞாபக சக்திக்கு நல்லதென்று ஆயுர்வேதம் போற்றும் மூலிகை நீர்ப்பிரமி. வடநாட்டில் வல்லாரையையும் பிரமி என்று அழைப்பதால் அடிக்கடி ஆள்மாறாட்டம் நேர்கிறது. இதற்கு வட்ட இலை கிடையாது. சதைப்பற்றுள்ள சின்ன இலை, வெளிறிய பூ. ஈரக்கரை கிடைத்தால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும்.

லின்னேயஸ் 1756-ல் இதற்கு லத்தீன் பெயர் சூட்டி, லெ மோனியே என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரைக் கௌரவித்தார். பிற்காலத்தில் சீமை மீன்தொட்டிகளிலும் அது குடியேறிற்று. தண்டைக் கிள்ளி மணலில் ஊன்றினால் போதும். கரையில் தவழ்ந்த கொடி தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். ஓரளவு உப்பையும் பொறுத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட செடிக்கு ஏற்ற குளங்களும் வாய்க்கால்களும் நொய்யல் கரையில் ஏராளம். ஆனால், திருப்பூரில் பனியன் தொழில் பெருகப் பெருக, சாயக்கழிவும் ஆற்றில் பெருகியது. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தேக்கமாயிற்று. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்பது அவற்றுக்கு விதித்த நிபந்தனை. 2024-ல் திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளுக்கு நல்ல காலம்தான்.

கீரை பறிக்கிறவர்களுக்கோ யோசனை வேண்டும். நீரிலும் சேற்றிலும் உள்ள காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை நீர்ப்பிரமி உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். தண்ணீருக்கு உபகாரமான குணம், தின்கிறவனுக்கு அபகாரம். கழிவு பாய்ந்த கரையில் பறிப்பதைவிட, நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் நிரப்பிய தொட்டியில் வீட்டிலேயே வளர்ப்பது உத்தமம். ஆறு பட்டதை நாம் மறந்துவிடலாம்; செடி மறப்பதில்லை.