குற்றமற்றவர்களாக்கப்பட்ட குவாரானிகள்

ரோலண்ட் ஜோஃபே இயக்கி, 1986-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தி மிஷன்’, தென் அமெரிக்கப் பழங்குடிகளுக்காகக் கிறிஸ்தவ மனசாட்சி பேசிய படம் என்று இன்றும் போற்றப்படுகிறது. அதன் பரிவு உண்மையானது. காலனியப் பேராசைமீது அது சுமத்தும் குற்றச்சாட்டும் நியாயமானதே. ஆனாலும் குவாரானி என்ற பழங்குடி மக்களை மாசற்றவர்களாகக் காட்டும் ஆசையில், பாவம் செய்யவும் மனந்திரும்பவும் எது சரி என்று தாங்களே தீர்மானிக்கவும் வல்ல மனிதர்கள் என்ற இடத்தை அவர்களுக்குத் தர அது தவறிவிட்டது. மனிதர் எல்லோரும் கடவுளின் சாயல், எல்லோரும் பாவத்துக்கு உட்பட்டவர்கள் என்று நம்புகிற ஒரு சமயத்தின் கண்ணில் இது சிறிய குறை அல்ல.

படத்தின் தொடக்கத்திலேயே குவாரானிகள் ஒரு குருவைச் சிலுவையில் கட்டி அருவியில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கொலைக்காக அவர்களில் யாரும் வருந்துவதில்லை. அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதுமில்லை. மூன்றாவது பிள்ளை பிறந்தால் கொன்றுவிடும் வழக்கம் பற்றிப் பேச்சு வரும்போது, அடிமை வேட்டைக்காரர்களிடமிருந்து ஓடும்போது தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிள்ளையைத்தான் தூக்க முடியும் என்று அவர்களிடையே பணிசெய்யும் இயேசு சபைக் குரு கேப்ரியல் விளக்கம் தருகிறார். படத்தின் கணக்கில் அவர்கள் செய்த கொடுமைக்குக் காரணமும் ஐரோப்பியனே. மறுபுறம், தம்பியைக் கொன்ற அடிமை வியாபாரி மென்டோசா தன் ஆயுத மூட்டையை இழுத்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறித் தவம் செய்கிறான். குவாரானி ஒருவன் கயிற்றை அறுத்து அவனை விடுவிக்கிறான். பாவம், மனவேதனை, மீட்பு என்ற முழுப் பயணமும் வெள்ளையனுக்கு வாய்க்கிறது. குவாரானிக்குக் கிடைப்பது மன்னிக்கும் கை மட்டுமே.

வரலாற்றில் வாழ்ந்த குவாரானிகள் இதைவிடச் சிக்கலானவர்கள். வீரமாமுனிவர் சேர்ந்திருந்த அதே இயேசு சபையின் குரு ரோக் கொன்சாலெஸ், 1628-இல் காரோ என்ற இடத்தில் கோயில் மணியைப் பொருத்தக் குனிந்தபோது மண்டையில் அடித்துக் கொல்லப்பட்டார். கொல்லச் சொன்னவன் ஞேசு என்ற குவாரானித் தலைவன். பழைய வழிபாடும் தன் அதிகாரமும் பறிபோவதைக் கண்டு, யோசித்தே அவன் அதைச் செய்தான். அதே இனத்தின் கிறிஸ்தவர்கள் 1641-இல் ம்போரோரே போரில், சாவோ பாவுலோவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்களை முறியடித்தார்கள். நிக்கோலாஸ் யாபுகுவாய் என்ற குவாரானித் தலைவர் தம் தாய்மொழியில் எழுதிய பிரசங்க நூல் 1727-இல், இயேசு சபையினர் குவாரானிகளுக்காக அமைத்த மிஷன் ஊர்களின் அச்சகத்திலேயே அச்சானது. கொன்றவர்கள், காத்தவர்கள், மறையுரை எழுதியவர்கள் என எல்லோரும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

1750-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மாட்ரிட் ஒப்பந்தம், உருகுவாய் ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு மிஷன் ஊர்களைப் போர்ச்சுகலுக்கு ஒப்படைத்தது. வெளியேறும்படி இயேசு சபையின் மேலிடமே கட்டளையிட்டது. 1753-இல் ஊர் மன்றங்கள் புவெனஸ் ஐரெஸ் ஆளுநருக்குக் குவாரானி மொழியில் கடிதங்கள் எழுதின. நிலம் கடவுள் தந்தது, கோயில்களைக் கட்டியது தங்கள் உழைப்பு, விசுவாசமான குடிகளைக் காப்பதாக அரசர் வாக்களித்திருக்கிறார் என்று அவை வாதாடின. வாதம் எடுபடாதபோதுதான் போர். 1756 பிப்ரவரியில் காய்போவாத்தேயில் சுமார் 1,500 குவாரானிகள் மாண்டார்கள். எதிர்த்தரப்பில் மிகச் சிலரே. படத்திலும் குவாரானித் தலைவன் எதிர்ப்பைச் சொல்லத்தான் செய்கிறான். ஆனால் வாளெடுப்பதா, நற்கருணையை ஏந்தி நடப்பதா என்ற கேள்வி, கேப்ரியல், சபையில் சேர்ந்துவிட்ட மென்டோசா என்ற இரண்டு வெள்ளையர்களின் மனப்போராட்டமாகிவிடுகிறது. உண்மையில் அந்த முடிவை எடுத்தவர்கள் குவாரானிக் கிறிஸ்தவர்கள்; அதுவும் சபையின் கட்டளையை மீறி.

பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகளாகவே காட்டிய பழைய படங்களுக்கு இது தேவையான மாற்று அல்லவா என்று கேட்கலாம். மாற்று தேவைதான். ஆனால் அரக்கன், அப்பாவி என்ற இரண்டு வேடத்திலும் மனிதன் இல்லை. கொள்ளையடித்தவர்களின் சமயத்தார் பறிகொடுத்தவர்களின் பாவத்தைப் பேசலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பழியைப் பங்குபோட்டுத் தப்பிக்கப் பேசினால் அது தவறே. ஆனால் இந்த அப்பாவி உருவத்தை முதலில் வரைந்தவர்களில் ஒருவர் ஒரு கிறிஸ்தவத் துறவிதான். 1552-இல் வெளியான தம் நூலில் பார்தொலொமே தே லாஸ் காசாஸ் அமெரிக்கப் பழங்குடிகளைச் சாதுவான ஆடுகளாக வர்ணித்தார். அவர் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அதற்கு 15 ஆண்டு முன்னரே, 1537-இல், திருத்தந்தை மூன்றாம் பவுல் இன்னும் உறுதியான அடித்தளத்தைக் காட்டியிருந்தார்: அவர்கள் உண்மையான மனிதர்கள், ஆகவே அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது. உரிமைக்கு நற்சான்றிதழ் எதுவும் அவர் கேட்கவில்லை.

அந்த அடித்தளத்தில்தான் நாம் நிற்க வேண்டும். குற்றமற்றவர்கள் என்பதால் ஒரு மக்களுக்கு நிலம் உண்டு என்றால், அவர்களிடம் ஒரு குற்றம் கண்டவுடன் நிலத்தையும் பிடுங்கிவிடலாம். காலனியம் காலமெல்லாம் கையாண்ட நியாயம் அதுவே. ஞேசுவின் கையில் ரத்தம் இருந்தது. அதனால் அவனுடைய மக்களை அடிமைகளாக விற்பது நியாயமாகிவிடாது. திரையில் வன்முறையைப் பார்க்கும் கிறிஸ்தவர், மடிபவர்களுக்காக அழுவதோடு நின்றுவிடாமல், அவர்களுக்கும் மனசாட்சி உண்டென்று அந்தப் படம் ஒப்புக்கொள்கிறதா என்றும் கேட்க வேண்டும்.