லூபஸ் நோயின் பிறபொருளெதிரிக் குறிகாட்டிகள்: ரொறன்ரோ ஆய்வுகள்

நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் உயிரணுக்களையே பகையாகக் கொண்டு உருவாக்கும் பிறபொருளெதிரிகள் (சுருக்கமாக, எதிரிகள்), இணைப்பிழைய நோய்களை இனங்காண உதவுகின்றன. தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவுக்கு எஸ்.சி.எல்.-70, சென்ட்ரோமியர் எதிரிகளும், தசையழற்சிக்கு ஜோ-1 எதிரியும் குறிகாட்டிகள். உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸுக்கு எஸ்.எம். எதிரியும் இரட்டை இழை டி.என்.ஏ. எதிரியும் முதன்மையானவை.

இவற்றுள் டி.என்.ஏ. எதிரியின் அளவு, நோயின் ஏற்ற இறக்கத்தோடு பெரும்பாலும் சேர்ந்தே மாறும். எப்போதும் அப்படியில்லை என்பதை எடுத்துக்காட்டியதில் ரொறன்ரோவுக்குப் பெரும் பங்குண்டு. மருத்துவர் மரே யூரோவிட்ஸ் 1970இல் இங்கே தொடங்கிய லூபஸ் சிகிச்சையகம், ஒவ்வொரு நோயாளியையும் ஒரே ஒழுங்கில் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. டி.என்.ஏ. எதிரி உயர்ந்தும், நோயெதிர்ப்பில் பங்குபெறும் நிரப்புப் புரதங்கள் குறைந்தும் இருக்க, நோயின் அறிகுறி எதுவுமின்றி நலமாக நடமாடிய ஒரு பிரிவினர் அந்தப் பதிவுகளில் தென்பட்டனர். டாஃப்னா கிளாட்மன், யூரோவிட்ஸ், எட்வர்ட் கீஸ்டோன் ஆகியோர் 1979இல் இந்நிலையை விவரித்தனர். அதே சிகிச்சையகத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், 924 பேரில் 56 பேர் நீண்டகாலம் இந்நிலையில் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பின்னர் நோய் கிளர்ந்தது, மற்றோருக்குக் கிளரவில்லை. ஆகவே இரத்த அறிக்கையை மட்டும் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டாமல், நெருங்கிக் கண்காணிப்பதே முறை. ஸ்டீராய்டு எலும்பையும் இதயத்தையும் தாக்கும் மருந்து என்பதால் இந்தப் பொறுமை நோயாளியின் ஆயுளோடு தொடர்புடையது.

1985இல் ரொறன்ரோவில் கூடிய மருத்துவர்கள், லூபஸின் தீவிரத்தை அளக்க வகுத்த ஸ்லெடாய் அளவுகோலும் இதே நிதானம் கொண்டது. மொத்தம் 105 புள்ளிகளில் லூபஸால் வரும் வலிப்புக்கு 8, உயர்ந்த டி.என்.ஏ. எதிரிக்கு 2 மட்டுமே.

உயிரணுவின் உட்கருவுக்கு எதிரான எதிரிகளைத் தேடும் பரிசோதனையான ஏ.என்.ஏ. நலமானவர்களிடமும் நேர்மறையாக வரக்கூடும். எனவே அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று கனடிய வாதவியல் சங்கம் அறிவுறுத்துகிறது.

லூபஸ் நோயாளிகள் சிலரிடம் காணப்படும் ரோ எனும் மற்றோர் எதிரியின் கதை வேறு. தாய்க்கு எந்த நோயும் தெரியாவிட்டாலும் அது நஞ்சுக்கொடி வழியே சென்று கருவிலுள்ள குழந்தையின் இதயத்தில் துடிப்பைத் தூண்டும் மின்சைகை கடத்தப்படுவதைத் தடுக்கக்கூடும். இந்த எதிரியுள்ள தாய்மாரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரின் குழந்தைகளுக்கு இது நேர்கிறது. ரோ எதிரி இருப்பதாக அறிந்த பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே அதை மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.