மரக்கலத்துக்குப் பூசிய எண்ணெய்

பொரளையில் எங்கள் வீட்டு மேல்மாடி முற்றத்துக்குப் பலகைத் தளம் போட்டு, பளபளப்புக்கு ஆசைப்பட்டு வார்னிஷ் பூசினேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பாம்புச் சட்டை போல உரிந்தது. சுரண்ட வந்த மொறட்டுவை பாஸ் சொன்னார்: "நானா, பலகை மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். வார்னிஷ் மேலால நிக்கிற சாமான், வெடிச்சிடும். வெடிப்பால போன தண்ணி வெளிய வராது. எண்ணெய் குடுங்க, பலகை குடிக்கும்."

எனக்கு இப்னு ஜுபைர் ஞாபகத்துக்கு வந்தார். அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர், ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) செங்கடலோர ஐதாப் துறைமுகத்தில் கண்ட கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் ஆணிகூட இல்லை; தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள். தைத்தபின் நெய், ஆமணக்கெண்ணெய், அல்லது சுறா எண்ணெய் பூசுவார்கள். மூன்றிலும் சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். காரணமும் சொல்கிறார்: அக்கடலில் பாறைகள் அதிகம், எண்ணெய் ஊறிய மரம் இளகிக் கொடுக்கும். கடலுக்குள் இருக்கும் காந்தமலை ஆணிகளைப் பிடுங்கிவிடும் என்ற பழங்கதையைவிட இது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அவருக்கு முன்பே, 10ஆம் நூற்றாண்டில், ஸீராப் ஊர் அபூ ஸைத், திமிங்கிலக் கொழுப்பைக் கலந்து கப்பலின் தையல்களில் பூசுவதைக் குறித்து வைத்தார். 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து, புத்தளத்தையும் கொழும்பையும் கண்ட இப்னு பதூதாவும், மாலைதீவுக் கயிற்றால் இந்திய, யெமன் கப்பல்கள் தைக்கப்பட்டதைச் சொல்கிறார். தண்ணீருக்குள் அமிழும் அடிப்பாகத்துக்கு அரபு மாலுமிகள் சுண்ணாம்பும் ஆட்டுக்கொழுப்பும் குழைத்துப் பூசினார்கள். மரந்துளைக்கும் புழுவுக்கு அதுதான் மருந்து.

சிங்கள அயலவர் நம்மை 'மரக்கல' என்பார்கள். சிலர் அன்போடு, சிலர் வேறு மாதிரி. நம் வரலாற்றை எழுதியோரோ கறுவா, மாணிக்கம், பள்ளிவாசல் எல்லாம் எழுதினார்கள். அந்தக் கலம் நனைந்தும் காய்ந்தும் எப்படி உக்காமல் நின்றது என்பதை ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். கயிறு திரித்தவனையும் எண்ணெய் காய்ச்சியவனையும் நம் நூல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வணிகனைக் கரை சேர்த்தது இவர்களின் கைவேலைதானே!

சுறா எண்ணெய்க்கு வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை, நாற்றம். லின்சீட் ஒயிலில் சமரசமானோம். ஜனவரி வெயிலில், பலகை நன்றாகக் காய்ந்தபின் மெல்லிசாகப் பூசி, ஊறாமல் நின்றதைத் துடைத்து எடுத்தார் பாஸ். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடவிடவில்லை. குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்குமாம். கம்பியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் பூசணும் நானா" என்று சொல்லிப் போனார்.