கறுப்பு வண்டிக்கு வந்த வண்ணம்



சிங்கப்பூரின் வடக்கே ஈசூன் என்னும் வட்டாரம் இருக்கிறது. இன்று அங்கே போய் நின்றால் அடுக்குமாடி வீடுகளும், ரயில் நிலையமும், கடைத்தொகுதிகளும்தான் கண்ணில் படும். ஆனால் அந்தப் பெயரே ஒரு தோட்ட முதலாளியின் பெயர். லிம் நீ சூன் (1879–1936) என்ற சீனர் அந்தப் பக்கத்தில் ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெரும் பொருள் சேர்த்தவர். தியோச்சியூ பேச்சில் ‘நீ சூன்’ என்று ஒலிக்கும் அதே எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் ‘ஈசூன்’. கிராமமாக இருந்தவரை நீ சூன். புதுநகரம் எழுந்தபோது ஈசூன்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலே பால் வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்தார்களே, அந்தப் பால் எங்கே போயிற்று? அதிலே பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே மோட்டார் வண்டிக்கு டயர் ஆயிற்று.

ஆகவே, அந்த டயரின் மேல் ஏறி நின்ற வண்டியைப் பற்றி இன்று பேசலாமென்று நினைக்கிறேன். அதன் இயந்திரத்தைப் பற்றி அல்ல, வெளித்தோற்றத்தைப் பற்றி. “வண்டி அழகாயிருக்கிறதா, இல்லையா என்பது கார் வைத்திருக்கிறவன் கவலை, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். அந்தக் கேள்வியில் ஒரு தகப்பனும் மகனும் மாறுபட்டு நின்றார்கள். அதன் விளைவு பல்லாயிரம் வீடுகளின் அடுப்பு வரை போயிற்று.

தகப்பன் ஹென்றி ஃபோர்டு. 1908 அக்டோபரில் அவர் வெளியிட்ட டி மாடல் வண்டியை அறியாத நாடு அன்று இல்லை. மலாயாவின் செம்மண் சாலைகளிலும் அது ஓடியது. உயரமான சக்கரம், தரையைத் தொடாத அடிப்பாகம், பெட்டியைத் தூக்கி வைத்தாற்போன்ற மேற்கூடு. சேற்றில் இறங்கினாலும் ஏறிவிடும். கோளாறானால் ஒரு சுத்தியலும் திருப்புளியும் இருந்தால் பாதி வேலை முடியும். அமெரிக்கக் குடியானவர்கள் அதன் பின்சக்கரத்தில் வார்ப்பட்டை மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். ஆரம்பத்தில் 850 டாலர் விற்ற வண்டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. விலை இறங்க இறங்க, வாங்குகிறவர் கூட்டம் பெருகியது.

1914 முதல் அந்த வண்டிக்கு ஒரே நிறம், கறுப்பு. கறுப்புச் சாயம் மலிவு, நீடித்தும் உழைக்கும். ஹென்றி ஃபோர்டுக்கு வண்டி என்பது ஓர் உழைப்புக் கருவி. மண்வெட்டிக்கு யாராவது பூவேலை செய்வார்களா என்பது போன்ற மனப்போக்கு அவருடையது.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறார்கள். 1912இல் அவர் ஐரோப்பாவுக்குப் போயிருந்த நேரத்தில், முதலாளியை மகிழ்விக்கலாமென்று ஆலைக்காரர்கள் ஒரு புது வண்டி செய்து வைத்தார்களாம். சற்றே தாழ்வாக, நீளமாக, பளபளக்கும் சிவப்பு நிறத்தில். திரும்பி வந்தவர் இரண்டு கைகளையும் சட்டைப் பையில் விட்டபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கதவைப் பிடித்து இழுத்துப் பிய்த்தெறிந்தார், கண்ணாடியை உடைத்தார். பேச்சே இல்லை. கூட இருந்த ஊழியர் ஒருவர் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் பிறகு பல ஆண்டுகள், தோற்றத்தை மாற்றலாம் என்று அந்த ஆலையில் வாய் திறக்க ஆளில்லை.

மகன் எட்சல் ஃபோர்டு, ஒரே பிள்ளை, 1893இல் பிறந்தவர். 1919இல் கம்பெனித் தலைவர் பதவி அவருக்கு வந்தது. அதிகாரம் மட்டும் தகப்பனிடமே இருந்தது. எட்சல் படம் வரையத் தெரிந்தவர், கலைப்பொருள்களில் நாட்டமுள்ளவர். லிங்கன் என்ற உயர்ந்த ரக வண்டிக் கம்பெனியை ஃபோர்டு 1922இல் வாங்கியபோது, அதன் தோற்றத்தைக் கவனிக்கும் பொறுப்பை அவர் விரும்பி எடுத்துக்கொண்டார். மக்கள் கையில் நாலு காசு சேர்ந்துவிட்டது, இனி ஓடினால் மட்டும் போதாது, கண்ணுக்கும் இதமாயிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வெளியே காற்று மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வண்டிக்கு வண்ணம் பூசினால் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1920களில் டூப்பான்ட் கம்பெனி, சில மணி நேரத்தில் காயும் ஒரு புதுச் சாயத்தைக் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு நீல வண்டி விட்டது, பிறகு பல நிறத்திலும் விட்டது. 1927இல் ஹார்லி எர்ல் என்ற கலைஞரை அழைத்து வந்து, வண்டியின் உருவத்துக்கும் நிறத்துக்கும் தனிப் பிரிவே தொடங்கியது. செவர்லே வண்டி ஃபோர்டைவிட விலை கூடத்தான். இருந்தும் மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

1926 ஜனவரியில், எட்சலுக்கு நெருங்கிய உறவினரும் கம்பெனியின் உயர் அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், டி மாடலின் காலம் முடிந்துவிட்டது என்று ஹென்றிக்கு ஆறு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். பணிவாகத்தான் எழுதினார். ஆண்டு முடிவதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது.

அதே 1926இல்தான் ஃபோர்டு மலாயா கம்பெனி சிங்கப்பூரில் பதிவானது. பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்கு ஃபோர்டு வண்டி அனுப்பும் உரிமை கனடாக் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள்தான் இங்கே கிளை திறந்தார்கள். முதலில் எங்கோர் தெருவில் சிறிய இடம். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்ததைப் பிரித்து, சக்கரம் மாட்டி ஓடவிடுகிற வேலை. பிறகு பிரின்ஸ் எட்வர்ட் சாலைக்கு மாறி, வண்டி பூட்டுகிற பட்டறையாக வளர்ந்தது. தாய்வீட்டில் சண்டை முற்றிய வேளையில் இங்கே பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

முடிவில் விற்பனைக் கணக்கு ஹென்றியின் பிடிவாதத்தை உடைத்தது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது டி மாடல் வெளிவந்தது; அத்துடன் அதன் கதை முடிந்தது. அடுத்த வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பது அப்போது முழுமையாகத் தீர்மானமாகியிருக்கவில்லை. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்கு வரைபடம் போட்டார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் உற்பத்தி நின்றது. டெட்ராய்ட் நகரத்தில் பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு வேலையில்லை, சம்பளமில்லை. முதலாளி வீட்டில் ஒரு கருத்து மாற்றம். தொழிலாளி வீட்டில் ஆறு மாதப் பட்டினி. கான்ஸ்லர் சொன்னபோதே கேட்டிருந்தால், ஒன்றை விற்றுக்கொண்டே மற்றொன்றை ஆயத்தம் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1927 டிசம்பர் 2ஆம் நாள் ஏ மாடல் காட்சிக்கு வந்தது. இயந்திரம் தகப்பனின் கண்காணிப்பு. உருவமும் நிறமும் மகனின் கைவண்ணம். தாழ்வான உடல், வளைந்த மட்கார்டு, லிங்கனைப் பார்த்துச் செய்தது போன்ற முகம், பல நிறங்கள். அமெரிக்க நகரங்களில் இலட்சக்கணக்கானோர் திரண்டு போய்ப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே மனதாகப் பாராட்டினார்களா? அப்படியும் இல்லை. மேடுபள்ளத்தில் போகிறவனுக்கு உயரமான பழைய வண்டிதான் தோழன். அவன் அதைக் கட்டிக்கொண்டு இன்னும் பல ஆண்டு ஓட்டினான். தோட்டத்துச் சாலையைத் தெரிந்த நமக்கு அவன் நியாயம் புரியும். இருந்தாலும் நான்கு ஆண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஏ மாடல் வண்டிகள் விற்றன. மகன் வென்றார் என்று சொல்லலாம்.

இங்கே ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் வெள்ளை, டயர் மட்டும் ஏன் கறுப்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய காலத்து டயர் வெளிறிய நிறமாகத்தான் இருந்தது. கரித்தூள் சேர்த்தால் பல மடங்கு உறுதியாகிறது என்று கண்ட பிறகே கறுப்பானது. பிற்காலத்தில் பக்கவாட்டில் மட்டும் வெள்ளை வட்டம் விட்டு டயர் செய்வது நாகரிகமாயிற்று. ஆக, நம் மங்கில் விழுந்த பாலின் நிறமும் வண்டி அழகில் ஒரு பங்காகிவிட்டது.

ஹென்றி ஃபோர்டுக்கு நம் ரப்பர் மேல் மட்டும் ஒரு கோபம். 1922 முதல் பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு விலையை உயர்த்தியது. “என் டயருக்கு நானே மரம் வைத்துக்கொள்கிறேன்” என்பது போல, 1928இல் பிரேசில் காட்டில் ‘ஃபோர்டுலாண்டியா’ என்று ஒரு தோட்டம் போட்டார். மரங்களை நெருக்கி நட்டதால் இலைநோய் பரவியது. சாப்பாட்டு முறையை மாற்றியதற்காக 1930இல் அங்கே தொழிலாளர் கலகமும் மூண்டது. 1945இல் பெரும் நட்டத்தோடு அதைப் பிரேசில் அரசாங்கத்திடமே விட்டுவிட்டார்கள். பால்மரம் காரைப் போல ஆலைச் சட்டத்துக்கு அடங்கவில்லை.

அதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. 1929இல் அமெரிக்கா செய்த மோட்டார் வண்டிகள் ஏறக்குறைய 53 இலட்சம். 1932இல் 13 இலட்சம்தான். வண்டி குறைந்தால் டயர் குறையும், டயர் குறைந்தால் ரப்பர் விலை சரியும். மலாயாத் தோட்டங்களில் கூலியை வெட்டினார்கள், ஆட்களைக் கழித்தார்கள். அந்த ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் யாரும் அவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எட்சல் ஃபோர்டு 1943இல், ஐம்பது வயது நிரம்புவதற்கு முன்பே நோயால் இறந்தார். ஹென்றி அவருக்குப் பின்னும் வாழ்ந்து 1947இல் மறைந்தார். கதை இதோடு நின்றிருந்தால் ‘அழகு வென்றது’ என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் 1957 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஒரு புது வண்டி ரகத்தை வெளியிட்டு, அதற்கு ‘எட்சல்’ என்றே பெயர் சூட்டியது. குடும்பத்தார்க்கு முதலில் அதில் விருப்பமில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களைப் பரிசீலித்தார்கள். மரியான் மூர் என்ற கவிஞரைக்கூடப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னவற்றில் ஒன்று ‘உட்டோப்பியன் டர்ட்டில்டாப்’. டர்ட்டில் என்றால் ஆமை! அதற்கு எட்சல் எவ்வளவோ மேல்.

எல்லா வண்டிக்கும் முகப்புக் கம்பித்தட்டி அகலவாட்டில் இருந்த காலத்தில், இதற்கு மட்டும் நடுவிலே செங்குத்தாக, குதிரையின் கழுத்துப் பட்டை போல ஒரு வளையம். தொலைவில் வரும்போதே இன்ன வண்டி என்று தெரிய வேண்டுமென்பது வடிவமைப்பாளர் ராய் பிரவுனின் நோக்கம். அவர் வரைந்தது மெல்லிய வளையம். இயந்திரத்துக்குக் காற்றுப் போதாதென்று பொறியாளர்கள் அதை அகலப்படுத்த வைத்தார்கள். புதுமை என்று சிலர் மெச்சினார்கள். குதிரைச் சேணம் என்றும், எலுமிச்சம்பழத்தைச் சப்புகிற வாய் என்றும், இன்னும் சபையில் சொல்லத் தகாத ஒன்றைச் சொல்லியும் பலர் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து வியாபார மந்தம் வேறு. பொத்தானை அமுக்கிக் கியர் மாற்றும் ஏற்பாடு அடிக்கடி மக்கர் செய்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏறத்தாழ 1,18,000 வண்டிகள் செய்ததோடு 1959 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். நட்டம் 25 கோடி டாலர் என்பார்கள். முகம் ஒன்றால் மட்டும் அந்த வண்டி வீழ்ந்தது என்று நான் ஒப்ப மாட்டேன். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த முகத்தைத்தான். அழகுக்காகத் தகப்பனிடம் வாதாடியவரின் பெயர், அழகில்லாத வண்டிக்கு உவமையாய்ப் போயிற்று.

இனிச் சிங்கப்பூருக்குத் திரும்புவோம். ஈசூனிலிருந்து மேற்கே மண்டாய் சாலை வழியாகப் போய்த் தெற்கே திரும்பினால் அப்பர் புக்கிட் தீமா சாலை. ஃபோர்டு மலாயா 1941 அக்டோபரில் அங்கே புது ஆலை திறந்தது. தென்கிழக்காசியாவின் முதல் மோட்டார் வண்டி பூட்டும் ஆலை என்பார்கள். கட்டடத்தின் முகப்பை அக்காலத்து ‘ஆர்ட் டெக்கோ’ பாணியில் நேர்கோடுகளாய் அழகுறக் கட்டினார்கள். நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்திட்டது அந்த ஆலையின் அறையொன்றில்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அங்கே தங்கள் லாரிகளைப் பூட்டினார்கள். 1947இல் ஃபோர்டு மீண்டும் வந்தது. 1980இல் ஆலையை மூடியது.

2006இல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது போர்க்கால நினைவுகளைக் காட்டும் காட்சிக்கூடமாக இருக்கிறது. வண்டி பூட்டிய பின்பக்கத்துக் கொட்டகைகளை இடித்துவிட்டார்கள். நம்மவர் யாரேனும் சிங்கப்பூருக்குப் போனால் பார்த்து வரலாம். அங்கே நிற்பது அந்த முன்பக்கம் மட்டும்தான்.